இது புல்லட் கார்புரேட்டர் இல்லை

பெரியப்பாவின் புல்லட் 350க்கு ஆர்.சி. புத்தகத்தில் 1976 என்று போட்டிருக்கிறது. சென்னை திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வண்டி. திருச்சி வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒன்பது வருடம் சும்மா நின்றது. போன வருடம் அதை நான் எடுத்துக்கொண்டேன். எஞ்சினைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. எண்ணெய், பிளக், டயர் மாற்றியதும் கிளம்பிவிட்டது. ஆனால் நான்கு புகார்கள் இருந்தன.

ஒன்று, பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் காலையில் தரையில் ஒரு ஈர வட்டம். இரண்டு, ஐடிலிங் நிற்காது. சிக்னலில் ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று, 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் பிளக் கரி பிடித்துவிடும். நான்கு, இருபது நிமிடம் ஓடியதும் வண்டி அணைந்துபோகும். பத்து நிமிடம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "கார்புரேட்டரைத் தூக்கிப்போட்டுட்டு வேற மாத்திடலாம் தம்பி." அவர் சொன்னதில் பாதி சரி என்று எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது. இந்த நாலு மாதத்தில் எந்தப் பாகம் எந்த வம்சம் என்று கண்டுபிடித்த விதத்தையும், வாங்கிய விதத்தையும், ஏமாந்த இடங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தப்பு

கடைக்குப் போய் "புல்லட் கார்புரேட்டருக்கு ஃப்ளோட் ஊசி வேணும்" என்றேன். மிதவையோடு ஏறி இறங்கி, கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் ஊசி அது. கடைக்காரர் யோசிக்கவே இல்லை. மிக்கார்ப் வி.எம்.24 என்ற கார்புரேட்டருக்கான ஊசியைக் கொடுத்தார். அவர் மேல் குற்றம் இல்லை. புல்லட் 350 என்றால் பல வருடங்கள் அதுதான் வந்தது, 500க்கு வி.எம்.28. வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஊசி குட்டை. மறுநாள் "பழைய மாடல் புல்லட்" என்று திருத்திக் கேட்டேன். இந்த முறை அமல் மோனோப்ளாக் என்ற பழைய கார்புரேட்டரின் ஊசி கிடைத்தது. அதுவும் சேரவில்லை.

இரண்டு ஊசிக்கும் கொடுத்த பணம் பெரிதல்ல. நான் கேட்ட கேள்விதான் தப்பு. புல்லட்டுக்கு என்ன கார்புரேட்டர் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வண்டியில் மாட்டியிருப்பது புல்லட் கம்பெனி மாட்டியதே இல்லை. பெரியப்பாவிடம் கேட்டபோது, "அது தொண்ணூறுகள்ல டெல்லியிலேர்ந்து வரவழைச்சதுடா, ஒரிஜினல்னு சொன்னான்" என்றார். எந்த ஒரிஜினல் என்று அவரும் கேட்கவில்லை, சொன்னவனும் சொல்லவில்லை. பில் இல்லை, பெட்டியும் இல்லை.

பேர் சொல்லாத உலோகம்

கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். எந்த எழுத்தும் வரவில்லை. பெட்ரோல் நின்ற இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்த உடலில் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தேக்கிவைத்தால் இப்படி ஆகும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் உலோகத்தைத் தின்னும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தக் கார்புரேட்டரை வரைந்தவர்கள் அப்படி ஒரு பெட்ரோலைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எழுத்து இல்லாவிட்டால் உடல்வாகைப் பார்க்க வேண்டும். மோனோப்ளாக்கில் மிதவை அறை பக்கவாட்டில், உடலோடு ஒரே வார்ப்பாக இருக்கும். இதில் கிண்ணம் நேர் கீழே, பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஆக மோனோப்ளாக் இல்லை. மிக்கார்ப்பிலும் கிண்ணம் கீழேதான், ஆனால் அதில் குளிர் நேரத்துக்கு ஒரு சோக் லீவர் உண்டு. இதில் லீவர் இல்லை. விரலால் அழுத்தினால் மிதவையை அமுக்கிப் பெட்ரோலை வழியவிடும் டிக்ளர் பித்தான் இருக்கிறது. கிண்ணத்தைப் பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். மிதவை குதிரை லாட வடிவம். ஊசி உட்காரும் இருக்கை உடலில் இல்லை, கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் ஒரே ஒரு வம்சம்தான் வருகிறது: அமல் கான்சென்ட்ரிக் மார்க் 1. 1967இல் மோனோப்ளாக்கின் இடத்துக்கு இங்கிலாந்தில் வந்தது.

அமல் என்ற பேரைக் கேட்டால் நம் ஊரில் "அமலுக்கு வந்தது" ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமாக், பிரௌன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற கம்பெனிகள் 1927 வாக்கில் ஒன்றாகச் சேர்ந்தபோது, 'அமால்கமேட்டட் கார்புரேட்டர்ஸ்' என்பதன் முதல் எழுத்துகளை வைத்துப் போட்ட பேர்.

வெர்னியரை உள்ளே விட்டுத் துளையை அளந்தேன். 26 மில்லிமீட்டர். மார்க் 1 வரிசையில் 600 தொடர் சின்ன உடல், 900 தொடர் பெரிய உடல். கடைசி இரண்டு இலக்கமும் துளையின் அளவு. அப்படியானால் இது 626 ஆக இருக்க வேண்டும். ஆனால் அசல் அமலில் அந்த எண்ணை உடலின் பக்கத்தில் குத்தியிருப்பார்கள், 'ஆர்' அல்லது 'எல்' என்ற எழுத்தோடு. திருகுகள் வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்லும் எழுத்து அது. இதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது: இது 626 இல்லை, 626ஐப் பார்த்து யாரோ வார்த்தது. நகல்.

நகல் என்றால் கெட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் எந்த இடம் வரைக்கும் நகல் என்று தெரியாமல் ஒரு பாகமும் வாங்கக் கூடாது.

ஒரு ஜெட்டை வைத்துச் சோதனை

சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது கார்புரேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் கடைகளில் அரை நாள் சுற்றினேன். மிக்கார்ப் குவியலாக இருந்தது. அமல் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் வயதான ஒருவர் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "இது நார்ட்டன், டிரையம்ப்புக்கு வர்ற மாதிரி, தம்பி. புல்லட்னு கேட்டா உனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது" என்றார். அவரிடமும் பாகம் இல்லை. ஆனால் அன்றைக்கு வாங்கிய எதையும்விட அந்த வாக்கியம்தான் உபயோகப்பட்டது. அதற்குப் பிறகு நான் எங்கேயும் வண்டியின் பேரைச் சொல்லவில்லை.

அமல் பாக எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணின் முன்பாதி, அந்தப் பாகம் முதன்முதலில் எந்தக் கார்புரேட்டருக்காக வரையப்பட்டதோ அதைச் சொல்லும். இப்போது எதில் இருக்கிறது என்பதை அல்ல. மெயின் ஜெட்டின் எண் 376/100. 376 என்பது மோனோப்ளாக் தொடர். ஆனால் அதே ஜெட்தான் கான்சென்ட்ரிக்கிலும் போகும். நீடில் ஜெட் 622/122. 22 மில்லிமீட்டர் கார்புரேட்டருக்குப் பிறந்த எண், 26லும் 30லும்கூட அதுதான். இது தெரியாமல் "என்னுடையது 626, எனக்கு எதற்கு 622" என்று விலகிப் போனால் சரியான பாகம் கண்ணெதிரே இருந்தும் தப்பிவிடும்.

அமல் இப்போது இங்கிலாந்தில் பர்லென் என்ற கம்பெனியின் கையில் இருக்கிறது. அசல் பாகங்கள் இன்றும் வார்க்கப்படுகின்றன. ஆனால் கூரியர் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தால் பத்து ரூபாய் சாமான் முப்பது ரூபாய் ஆகிவிடும். அதனால் முதல் சுற்றில் மூன்றே மூன்று சின்னச் சாமான்கள் வரவழைத்தேன்: ஒரு மெயின் ஜெட், ஒரு நீடில் ஜெட், கிண்ணத்துக்கு ஒரு கேஸ்கெட். பழுது பார்க்க அல்ல, நகலை விசாரிக்க.

மெயின் ஜெட் கையால் திருகியதும் கடைசி வரை இறங்கியது. நீடில் ஜெட்டும் அப்படியே. கேஸ்கெட்டின் துளைகள் நகலின் உடலோடு நூல் பிடித்தாற்போல் பொருந்தின. ஆக மரையும் கிண்ணத்தின் முகமும் அசல் அளவு. அப்படியென்றால் அசல் கிண்ணமே இதில் உட்காரும். இரண்டாம் சுற்றில் கிண்ணம், மிதவை, விட்டான் ரப்பர் முனை வைத்த ஊசி மூன்றையும் வாங்கினேன். பழைய கிண்ணத்தில் பித்தளை இருக்கை பள்ளம் விழுந்து போயிருந்தது. அதில் எந்த ஊசியை மாற்றியிருந்தாலும் ஒழுகியிருக்கும். அமல் மிதவைகளில் எத்தனாலுக்குத் தாங்கும் புது ரகம் வந்துவிட்டது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முதல் புகார் அன்றோடு தீர்ந்தது.

ஜெட்டின் நிறையும் குறையும்

கரி பிடிப்பதற்குக் காரணம் நீடில் ஜெட் என்று சந்தேகம் இருந்தது. ஆக்ஸிலேட்டரின் கால் திறப்பிலிருந்து முக்கால் வரை அதன் ராஜ்ஜியம்தான். ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசி (ஃப்ளோட் ஊசி அல்ல, இது வேறு) வருடக்கணக்கில் உரசி உரசித் துளையைப் பெரிதாக்கிவிடும். அமல் நீடில் ஜெட்டில் இருக்கும் எண் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு: 106 என்றால் 0.106 அங்குலம், அதாவது 2.69 மி.மீ.; 107 என்றால் 2.72. இந்த 0.03 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அரியமங்கலத்தில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் வழி சொன்னார். 2.7 டிரில் பிட்டுகள் நாலைந்தை எடுத்து, வெட்டும் முனையை விட்டுவிட்டு வழுவழுப்பான தண்டை மைக்ரோமீட்டரில் அளந்தார். 2.70 சரியாகக் காட்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். புது 106க்குள் அது போகவில்லை. 106 என்று குத்தியிருந்த பழையதில் வெண்ணெயில் போவதுபோல் போய், அங்கும் இங்கும் ஆடியது. வேறு சாட்சி வேண்டாம்.

மெயின் ஜெட்டில்தான் எனக்கு உண்மையான ஆச்சரியம். நகலோடு வந்த ஜெட்டில் 180 என்று இருந்தது. நான் வரவழைத்த அசலும் 180. அமலில் அந்த எண் துளையின் அளவு இல்லை. குறிப்பிட்ட அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பாயும் என்ற கணக்கு. ஜப்பானின் கேஹின் கம்பெனி ஜெட்டில் எண் துளையின் விட்டத்தைச் சொல்லும். அதனால் ஒரு கம்பெனி 100ஐ இன்னொரு கம்பெனி 100க்குப் பதிலாகப் போடுவது கிலோவுக்குப் பதிலாக லிட்டர் கேட்பதுபோல.

பாய்ச்சலை அளக்க ஒரு காலி சலைன் பாட்டிலை ஆணியில் தொங்கவிட்டு, டியூபின் முனையில் ஜெட்டை மாட்டினேன். மேலே தண்ணீரின் மட்டம் ஒரே கோட்டில் நிற்கும்படி ஊற்றிக்கொண்டே, கீழே 100 மில்லி நிறைய எத்தனை வினாடி என்று கணக்கெடுத்தேன். அசல் 60 வினாடி எடுத்துக்கொண்டது. நகல் 52. இரண்டையும் ஒரே மாதிரி அளப்பதால் ஒப்பீட்டுக்கு இது போதும்: நகல் 15 சதவீதம் கூடுதலாக விடுகிறது. மேலே 180 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அது ஏறக்குறைய 208. அம்மா வந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு டிரிப்ஸ் ஏற்றுகிறானே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கிட்டார் கம்பி

ஐடிலிங்குக்கு உரிய பைலட் ஜெட், நாலு ஸ்ட்ரோக் மார்க் 1இல் பெரும்பாலும் கழற்றும்படி இருக்காது. உடலுக்குள் அடித்து இறக்கிய சின்னப் பித்தளைப் புஷ். துளை 0.016 அங்குலம், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். வண்டி வருடக்கணக்கில் நின்றால் முதலில் அடைவது இதுதான். ஏர் ஸ்குருவைக் கழற்றி அந்தத் துளை வழியாகவே உள்ளே போக வேண்டும். தையல் ஊசியை விட்டால் துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் பாதி நேரம் தூசி இன்னும் உள்ளேதான் போகும்.

கிட்டார் கம்பிகளின் கனத்தையும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்தான் சொல்லி விற்கிறார்கள். 12இல் தொடங்கும் அக்கூஸ்டிக் செட்டில் இரண்டாவது கம்பி பெரும்பாலும் சரியாக 16. பக்கத்து வீட்டுப் பையன் அறுந்துபோனதைக் கொடுத்தான். அதைத் திருகாமல் நேராக விட்டு எடுத்ததும் பச்சைக் களிம்பு வெளியே வந்தது. கார்புரேட்டர் ஸ்பிரேயை அடித்தால் இப்போது மறுபக்கம் இரண்டு துளைகளிலும் நூல்போல வருகிறது.

இருந்தும் ஐடிலிங் நிற்கவில்லை. காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக நுழைகிறது. கண்ணாடி மேல் கார்புரேட்டரின் ஃப்ளாஞ்சை, அதாவது எஞ்சினோடு பொருந்தும் முகத்தை, கவிழ்த்து வைத்தால் ஆடுகிறது. இரண்டு காதுகளும் எஞ்சின் பக்கம் வளைந்திருந்தன. ஏன் இப்படி என்று எஞ்சின் ஹெட்டில் கார்புரேட்டரைப் பிடிக்கும் ஸ்டட்களைப் பார்த்தபோதுதான் கதை விளங்கியது. ஒரு ஸ்டட் 5/16 அங்குலம், ஹார்டுவேர் கடை பாஷையில் இரண்டரை நூல், அங்குலத்துக்கு 26 மரை. மற்றது எம்8, 1.25 பிட்ச். யாரோ ஒருவர் ஒரு பக்கம் மரை போனதும் புது மரை வெட்டி மெட்ரிக் ஸ்டட் போட்டிருக்கிறார். அதன் பிறகு வந்தவர் சேராத நட்டை ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கியிருக்கிறார். துத்தநாகம் வளையாமல் என்ன செய்யும்?

மெட்ராஸ் வண்டியில் இங்கிலீஷ் மரை எப்படி வந்தது என்று இளைய மெக்கானிக்குகள் கேட்பதுண்டு. இந்தியாவில் 1955 வடிவத்தையே தொடர்ந்து தயாரித்தார்கள். இங்கிலாந்தில் ரெடிச் ஊரிலிருந்த தாய்க் கம்பெனி அடுத்த வருடமே வடிவத்தை மாற்றிக்கொண்டது, நாம் மாற்றவில்லை. அந்தக் கால மரைகளும் கூடவே நின்றுவிட்டன. இதில் ரொம்ப ஆபத்தானது இரண்டு நூல் போல்ட். கால் அங்குல சைக்கிள் மரையில் அங்குலத்துக்கு 26; எம்6இல் அங்குலத்துக்கு 25.4. கிட்டத்தட்ட ஒன்று. அதனால் எம்6 போல்ட் அந்தத் துளையில் சுகமாக இறங்கும், இறுகுவதுபோலவும் நடிக்கும். ஆனால் அது 6 மி.மீ., துளை 6.35க்கு வெட்டியது. கடைசிக் கால் சுற்றில் மரையை உருவிக்கொண்டு வெளியே வரும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மரையின் இடைவெளியை அளக்கும் ஒரு பிட்ச் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெர்னியர் மட்டும் போதாது.

எம்8 ஸ்டட்டை அப்படியே விட்டுவிட்டேன், அதற்கு உரிய நட்டைப் போட்டு. ஃப்ளாஞ்சைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தினேன். ஒரு மணி நேர வேலை. புது ஓ-ரிங் போட்டு, விரலளவு இறுக்கத்தோடு நிறுத்தினேன்.

அதற்குப் பிறகும் ஐடிலிங் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. மிச்சக் குற்றம் ஸ்லைடு. துத்தநாக உடலில் துத்தநாக ஸ்லைடு ஓடினால் இரண்டும் தேயும். அசலிலும் இது உள்ள வியாதிதான். இப்போது கடின ஆனடைஸ் செய்த அலுமினிய ஸ்லைடு வருகிறது. ஆசையோடு வாங்கினேன், உள்ளே போகவில்லை. நகலை வார்த்தவர் மரையை அசலிலிருந்து எடுத்தார், ஸ்லைடு ஓடும் துளையைத் தன் இஷ்டத்துக்குச் சின்னதாக்கிவிட்டார். அங்கேதான் நகலின் எல்லை. லேத்காரர் அலுமினிய ஸ்லைடைக் கடைந்து தரத் தயாராக இருந்தார். கடைந்தால் ஆனடைஸ் போய்விடும், வாங்கியதன் அர்த்தமே போய்விடும். அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இதுவரை வாங்கியதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு புது அசல் 626 விலையில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் சொன்னதில் பாதி சரி என்றேனே, அது இதுதான். ஆனாலும் இன்னொரு நாள் அசல் உடல் வாங்கினால், கிண்ணமும் ஜெட்டும் மிதவையும் அந்த ஸ்லைடும் அப்படியே அதற்குப் போகும். ஒரு சாமான்கூட வீண் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

முள் ஆடாத ஆம்ஸ் மீட்டர்

நான்காவது புகாரைக் கார்புரேட்டர் மேல் போட்டு மூன்று வாரம் வீணடித்தேன். சரியான துப்பு பெரியப்பாவிடமிருந்து வந்தது. பழைய புல்லட்காரர்கள் கிக் அடிப்பதற்கு முன் சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக மிதித்து, ஆம்ஸ் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் போய் நடுவுக்குத் திரும்பும் இடத்தைப் பிடிப்பார்கள். பொறியைக் கிளப்பும் சுவிட்சான பாயிண்ட் மூடியிருந்தால் இக்னிஷன் காயில் கரண்ட் இழுக்கும், திறந்தால் விடும். பெரியப்பா சும்மா உட்கார்ந்து பார்த்தவர், "முள்ளு ஏன்டா அசையவே மாட்டேங்குது?" என்றார்.

மூடியைத் திறந்தால் பிளாட்டினா பாயிண்ட் இல்லை. அந்த இடத்தில் ஒரு தகடு, சின்ன சென்சார், சுற்றுவதற்கு ஒரு காந்தம். மூன்று ஒயர் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவு கறுப்பு எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிக்குப் போகிறது. பேர் இல்லை, எண் இல்லை, உள்ளே ரெசின் ஊற்றிக் கெட்டியாக்கியிருக்கிறது. முடி உலர்த்தும் டிரையரால் பெட்டியைச் சூடாக்கினேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது.

வேறு பெட்டி தேடுவதற்கு முன் இது ஏன் வெந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா? இக்னிஷன் காயிலின் பிரைமரியை மீட்டரில் அளந்தேன்: 1.4 ஓம். அது 6 வோல்ட் காயில். வண்டியை யாரோ 12 வோல்ட்டுக்கு மாற்றியபோது காயிலை மாற்றவில்லை. 12ஐ 1.4ஆல் வகுத்தால் எட்டரை ஆம்பியருக்கு மேல். சுமார் 3 ஓம் காயில் இருந்திருந்தால் நாலு ஆம்பியரோடு போயிருக்கும். புதுப் பெட்டி போட்டிருந்தாலும் ஆறு மாதத்தில் அதுவும் வெந்திருக்கும்.

இங்கே நான் தேடலை நிறுத்திவிட்டேன். கார்புரேட்டர் நகலுக்கு வம்சம் இருந்தது, அளந்தால் பேசியது. இந்தப் பெட்டி பேசவே பேசாது. வேகத்துக்கேற்பப் பொறியின் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் வெயிட்டுகள் அடியில் அப்படியே இருந்ததால் பாயிண்ட், கண்டென்சர், 12 வோல்ட் காயில் மூன்றையும் உள்ளூரிலேயே வாங்கி ஒரு மாலையில் மாட்டினோம். இடைவெளி 0.35இலிருந்து 0.40 மி.மீ. அசல் எலக்ட்ரானிக் இக்னிஷன் மோசம் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் நின்றுபோனால் எந்தப் பெட்டிக்கடை ஊரிலும் தேய்த்துச் சரிசெய்ய முடிகிற ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

இப்போது வண்டி சொட்டுவதில்லை, கரி பிடிப்பதில்லை, சூட்டில் அணைவதும் இல்லை. ஐடிலிங்கை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன்.

டூல் பெட்டியின் மூடிக்குள் ஒரு அட்டை ஒட்டினேன். கார்புரேட்டர் அமல் 626 நகல், கிண்ணம், மிதவை, ஊசி, ஜெட் எல்லாம் அசல், ஸ்லைடு சேராது, மெயின் ஜெட் 180, நீடில் ஜெட் 106, இடப்பக்க ஸ்டட் இங்கிலீஷ், வலப்பக்கம் எம்8, காயில் 12 வோல்ட். எனக்கு அடுத்து இந்த வண்டியைத் திறப்பவர் "புல்லட்" என்று கடையில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுசாகப் படித்தார். பேனாவை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "பெட்ரோல் டேப்பை மூடவும்."